சித்தா–அலோபதி கூட்டாய்வுக் கட்டுரை: இதழுக்கு அனுப்புமுன்

நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்ததும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஆய்வை சிடிஆர்ஐ-யில் (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதியுங்கள். 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்தேதிப் பதிவு, அதாவது நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு பதிவது, கிடையாது. பதிவு எண் இல்லாத மருத்துவப் பரிசோதனையை நல்ல இதழ்கள் திருப்பிவிடும்.

அதிகம் அடிவாங்குவது மருந்து விவரம்தான். "நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோம்" என்பது போதாது. ஒன்பது சரக்குக்கும் தாவரவியல் பெயர், பயன்பட்ட பாகம், எடை, காய்ச்சிய நீரளவு, வேளைக்கு எத்தனை மில்லி, எத்தனை நாள் என எழுதுங்கள். மதுரை கீழமாசி வீதி மாதிரிக் கடைத்தெருவில் வாங்கிய சரக்கென்றால் தாவரவியலாளரிடம் அடையாளம் உறுதிசெய்து, மாதிரியை உலர்தாவரக் காப்பகத்தில் வைத்து எண்ணைக் குறிப்பிடுங்கள். கான்சார்ட் என்பது மருத்துவப் பரிசோதனையைக் கட்டுரையில் எப்படி எழுத வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல்; மூலிகை ஆய்வுகளுக்கான அதன் 2006 விரிவாக்கமும், சீன மூலிகைக் கூட்டுமருந்துகளுக்கான 2017 விரிவாக்கமும் நல்ல வழிகாட்டிகள்.

நோயாளி கூடவே விழுங்கும் மெட்பார்மின் (சர்க்கரை நோய்க்கு), வார்பரின் (ரத்தம் உறையாமலிருக்க) போன்ற அலோபதி மருந்துகளின் அளவையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை விட்டால் பலன் எந்த மருந்தால் என்றே சொல்ல முடியாது.