கண்புரை ஆபரேஷனோடு கிளாக்கோமா ஸ்டென்ட்டா? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

கண்புரையோடு கிளாக்கோமாவும் (பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைப் பாதிக்கும் நோய்) இருக்கிறவர்களிடம், "எப்படியும் ஆபரேஷன் செய்யப் போகிறோம், அதே வழியாக ஒரு சின்ன ஸ்டென்ட்டும் வைத்துவிட்டால் சொட்டு மருந்து குறையும்" என்று டாக்டர் சொல்வது உண்டு. நல்ல யோசனைதான், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய வழி செய்து அழுத்தத்தைக் குறைக்கும் நுண்கருவி அது. கூடுதலாக ஆவது சில நிமிடம், தனியாக இன்னொரு வெட்டும் தேவையில்லை. ஆனால் உள்ளே வைக்கிற பொருள் வருடக்கணக்கில் கண்ணுக்குள்ளேயே இருக்கப் போகிறது. அதனால் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

சைபாஸ் என்ற ஸ்டென்ட்டுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால் இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். 2016 ஜூலையில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ அதற்கு அனுமதி கொடுத்தது. 505 பேரை வைத்து நடந்த ஆய்வில் கண் அழுத்தம் நன்றாகவே குறைந்தது, இரண்டு வருடம் வரை கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை. அதே ஆட்களை ஐந்து வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோதுதான், கருவிழியின் (கார்னியாவின்) உள்பக்கச் செல்கள் கண்புரை மட்டும் எடுத்தவர்களுக்குச் சுமார் 10 சதவீதம் குறைந்திருக்க, ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்குச் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. 2018 ஆகஸ்டில் ஆல்கான் நிறுவனம் அதை உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இந்தச் செல்கள்தான் கருவிழியில் நீர் தேங்காமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன, போனால் திரும்ப வளராது.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் உங்களுக்கு இருப்பது எந்த வகை கிளாக்கோமா என்று கேளுங்கள். இந்த ஸ்டென்ட்கள் பெரும்பாலும் திறந்த கோண வகைக்கு (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையே நீர் வடியும் மூலை திறந்திருக்கும் வகைக்கு), அதுவும் ஆரம்ப அல்லது நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு என்றே அனுமதி பெற்றவை. கோணம் மூடிய வகை நம் ஊர்ப் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அவர்களில் பலருக்குக் கண்புரை லென்ஸை எடுத்தாலே கோணம் விரிந்து அழுத்தம் குறைவதால் ஸ்டென்ட்டுக்கே வேலை இல்லாமல் போகலாம். அந்தக் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி சோதனையைப் பார்க்காமல் ஸ்டென்ட் பேச்சையே எடுத்தால், "அதைப் பார்த்துவிட்டுப் பேசலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து ஸ்டென்ட்டின் பெயர். ஐஸ்டென்ட், ஹைட்ரஸ் இரண்டும் கண்ணின் இயற்கையான வடிகாலுக்குள் உட்காருபவை, சைபாஸ் போனது வேறு இடத்துக்கு. ஹைட்ரஸுக்கு ஐந்து வருட முடிவுகள் வெளியாகியிருக்கின்றன, கண்புரை ஆபரேஷனால் ஆகும் ஆரம்ப இழப்பைத் தாண்டிச் செல்கள் குறையும் வேகம் அதில் கூடவில்லை. புதிதாக வந்த ஏதோ ஒன்றின் பெயரைச் சொன்னால் அதற்கும் ஐந்து வருடக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வருடக் கணக்கு எனக்குப் போதாது, உங்களுக்கும் போதக்கூடாது.

இதையெல்லாம் விட முக்கியம், ஆபரேஷனுக்கு முன்பே, கருவிழியின் அந்த உள்பக்கச் செல்களை எண்ணும் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பி எடுப்பது. வலி இல்லை, ஊசி இல்லை, கருவியில் தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வருகிற தாளில் தேன்கூடு மாதிரி ஒரு படமும், சிடி என்று போட்டு ஓர் எண்ணும் இருக்கும். சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை செல் என்பதுதான் அந்த எண். பெரியவர்களுக்கு 2,500-ஐ ஒட்டி இருக்கலாம், 500-க்குப் பக்கத்தில் இறங்கினால் கருவிழி நீர்கோத்து மங்க ஆரம்பிக்கும் அபாயம் உண்டு. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால் பிறகு குறைந்ததா என்று சொல்லவே முடியாது. எனவே அந்தத் தாளைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள், பிறகு எப்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஸ்டென்ட்டோடு ஓர் அட்டை வரும், அதையும் கேட்டு வாங்குங்கள். நாளைக்கே வேறு எதற்காவது எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தால் அங்கே முதலில் அதைக் காட்ட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் முதல் சில நாள் உள்ளே கொஞ்சம் ரத்தம் கலந்து பார்வை மங்கலாம், பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் அழுத்தம் பார்க்க வரச் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள். பழைய கிளாக்கோமா சொட்டை, ஸ்டென்ட்தான் இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. கடுமையான வலி, திடீர் மங்கல் என்றால் அன்றைக்கே போங்கள். மாதங்கள் போன பிறகு காலையில் எழுந்ததும் புகைமூட்டமாகத் தெரிந்து மதியத்துக்குள் தெளிவானால், அது கருவிழியில் நீர் கோப்பதாக இருக்கலாம், செல் எண்ணிக்கையை உடனே பாருங்கள்.

2016-க்கும் 2018-க்கும் இடையில் அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட அப்பா, அம்மா உங்கள் வீட்டில் இருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து சைபாஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பதற வேண்டாம், ஆனால் தள்ளியும் போட வேண்டாம். அந்த ஸ்டென்ட்டின் நுனியில் வளையங்கள் உண்டு, அவை எத்தனை வெளியே தெரிகின்றனவோ அவ்வளவுக்குச் செல் இழப்பும் கூடியது என்று ஆய்வில் தெரிந்தது. செல் எண்ணிக்கையும் கோனியோஸ்கோப்பியும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் கத்தரிக்கலாமா என்று கிளாக்கோமா டாக்டரிடம் கேளுங்கள்.