நீண்ட தூரம் ஓடுகிறீர்களா? பல்லையும் கவனியுங்கள்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் வெறும் தண்ணீரை நம்பி இறங்காதீர்கள். தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிட்டால், முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் கால் இரும்பாகக் கனக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை, சர்க்கரை கலந்த விளையாட்டு பானமாகவோ, ஜெல் எனப்படும் இனிப்புக் கூழாகவோ, பழமாகவோ எடுத்துக்கொள்ளலாம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது.

இவ்வளவு சர்க்கரை உடம்புக்கு ஆகுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஓடும்போது தசை அதை உடனுக்குடன் எரித்துவிடும். அதே பானத்தை வீட்டில் உட்கார்ந்து குடிப்பது வேறு கதை. நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எனக்கு உண்மையில் கவலை பல்லைப் பற்றித்தான். வாயால் மூச்சு வாங்கி ஓடும்போது எச்சில் வற்றிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஜெல் கடைவாய்ப் பல்லிடுக்கில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் இப்படியே போனால் பல்லின் மேலுறையான எனாமல் அரிபடும், சொத்தை விழும்.

அதனால் ஜெல் சாப்பிட்டதும் இரண்டு மடக்குத் தண்ணீரை வாயில் நன்றாகச் சுழற்றி விழுங்குங்கள். விளையாட்டு பானத்தை நிமிடத்துக்கொரு தரம் உறிஞ்சாமல், இடைவெளி விட்டு ஒரேயடியாகக் குடியுங்கள். அப்புறம், ஓடி முடித்த கையோடு பல் தேய்க்க வேண்டாம். பானம், ஜெல் இவற்றின் புளிப்பில் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். அரை மணி நேரமாவது பொறுங்கள்.