அலுவலகத்துக்கு வரச் சொல்லி மெயில் வந்தால் என்ன எழுதுவது, எப்படிக் கேட்பது

சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் டெலிவரி மேனேஜராக இருக்கிறேன். "இனி வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும்" என்று சுற்றறிக்கை போனால், விலக்குக் கேட்டு வரும் மெயில்கள் முதலில் என் பெட்டியில்தான் விழும். ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) நெரிசல், வீட்டில் வயதான பெற்றோர், "இத்தனை வருடம் வீட்டிலிருந்து நன்றாகத்தானே வேலை பார்த்தேன்" என்று எழுதுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் உதவாது. இந்தக் காரணங்கள் தளத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொருந்தும். உங்களுக்குச் சரி என்று ஒப்புக்கொண்டால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.

எனக்கு வேண்டியது, என் மேலாளரிடம் நான் எடுத்துச் சொல்லக்கூடிய, உங்கள் வேலைக்குள்ளிருந்து வரும் காரணம். வீடா அலுவலகமா என்று வாதாடுகிறவர் தோற்பார். எந்த வேலையை எந்த நாளில் எங்கிருந்து செய்வேன் என்று கேட்கிறவருக்கு ஏதாவது கிடைக்கும்.

எழுத உட்காரும் முன் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: இந்த உத்தரவு யாருடையது? நான்கு வகை உண்டு. முதலாவது, வாடிக்கையாளர். வெளிநாட்டு வங்கி, காப்பீடு, மருத்துவத் தகவல் போன்ற புராஜெக்டில் இருந்தால் அது வாடிக்கையாளரின் ஒப்பந்தத்திலிருந்து வந்திருக்கும். கைப்பேசியை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டு நுழையும், அந்த வாடிக்கையாளருக்கென்றே ஒதுக்கிய ஓடிசி அறையில் வேலை பார்ப்பவர்கள் என்னிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே நான் கையெழுத்திட்டால் ஒப்பந்த மீறல். உங்களுக்கு உள்ள வழி புராஜெக்ட் மாற்றம்தான், அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, மண்டல விதி. சிறுசேரியிலும் தரமணியிலும் பல அலுவலகங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கின்றன. "மண்டல விதியே வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கிறது" என்று சிலர் எனக்குச் சட்டப்பிரிவு அனுப்புவார்கள். 2022 ஜூலையில் மத்திய வணிக அமைச்சகம் 43ஏ என்ற விதியைச் சேர்த்தது. ஒரு யூனிட்டில் பாதிப் பேர் வரை, அதிகபட்சம் ஒரு வருடம் என்றது. அந்த டிசம்பரிலேயே எல்லோருக்கும் என்று தளர்த்தியது. இவையெல்லாம் நிறுவனம் விரும்பினால் அனுமதிக்கலாம் என்பதற்கான விதிகள். ஊழியருக்கு உரிமை தரும் விதிகள் அல்ல. அதை எனக்கு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது வகை நிறுவனக் கொள்கை. இதில் நிரந்தரம் என்று எதையும் நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் அலுவலகத்தில் இருக்கத் தேவையில்லை என்ற நிலையை 2025க்குள் எட்டுவோம் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024இல் ஊதியத்தின் மாறுதொகையையும் வருகையோடு இணைத்தது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சில் குறிப்பிட்ட நிலை வரையிலான ஊழியர்களுக்கு மாதம் பத்து நாள் என்றது. இப்படிப்பட்ட இடங்களில் உங்கள் வருகையைக் கணக்கிடுவது பேட்ஜ் ஸ்வைப்தான், அதாவது வாசலில் அடையாள அட்டையைத் தேய்க்கும் பதிவு. மேலாளர் வாயால் "பரவாயில்லை" என்றாலும் சிஸ்டம் உங்களை வராதவராகவே காட்டும். ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "இந்த விலக்கு வருகைப் பதிவில் எந்தப் பெயரில் ஏறும்?" பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் உங்களுக்கு விலக்குக் கிடைக்கவில்லை என்று பொருள்.

நான்காவது, மேலாளரின் சொந்த விருப்பம். கொள்கை இரண்டு நாள் என்றிருக்க, இவர் நான்கு நாள் வரச் சொல்வார். ஆள் கண் முன்னால் இல்லாவிட்டால் இவருக்கு நிம்மதி இருக்காது. பேசிச் சரிசெய்ய மிக எளிதானது இதுதான். தினமும் காலையில் மூன்று வரியில் என்ன முடிந்தது, என்ன மீதி, எதில் சிக்கல் என்று எழுதி அனுப்புங்கள். ஒரு மாதத்தில் அவர் நாள்களைக் குறைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து உங்கள் வேலையை எழுதுங்கள். இரண்டு வாரம், அன்றன்றைக்கு, எந்த வேலைக்கு இன்னொருவர் பக்கத்தில் இருந்தது உதவியது, எந்த வேலைக்கு அது இடைஞ்சல் என்று குறித்து வையுங்கள். என் குழுவில் கடையநல்லூரிலிருந்து வேலை பார்க்கும் ஒரு டெஸ்டர் (மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவர்) இப்படி எழுதிக் கொடுத்தார். ரிலீசுக்கு, அதாவது மென்பொருளை வெளியிடுவதற்கு, முந்தைய வாரம் டெவலப்பர்களோடு உட்கார்ந்தால் பிழைகள் அன்றே தீர்கின்றன. மற்ற வாரங்களில் அவர் தனியாகச் சோதனை ஸ்கிரிப்ட் எழுதுகிறார், அதற்குச் சத்தமில்லாத அறை போதும். ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் என்பதை மாதத்துக்கு 12 நாள் என்று மாற்றி, அவற்றை ரிலீசை ஒட்டிச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு எழுந்து நின்று கை தட்டத் தோன்றியது. நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை, கொள்கை மீறப்படவில்லை, ரிலீஸ் வாரத்தில் ஆளும் அருகில் இருக்கிறார். மேலிடத்தில் ஒரே பேச்சில் ஒப்புதல் வாங்கினேன். வெளியூரில் இருப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: நாள்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள், சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கும் அங்கேதான் மாறுகிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு மாத விடுதி 8,000, ரயில் 3,000, வெளிச் சாப்பாடும் ஆட்டோவும் 4,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15,000. அதை 12ஆல் வகுத்தால் ஒரு நாள் அலுவலகம் வர உங்களுக்கு 1,250 ரூபாய். இந்த எண்ணை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள், பிறகு பேசுங்கள். சேர்த்து வந்தால் போகவர ஒரே டிக்கெட், மாத வாடகைக்குப் பதில் நாள் வாடகை.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள். ஆகவே அலுவலக நாள்களின் பட்டியலை இரண்டு மாதத்துக்கு முன்பே தரும்படி கேளுங்கள். இது நியாயமான, மறுக்கக் கடினமான கோரிக்கை. தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் மாற்றினால் தட்கல் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்தபின் ஒரு வசதி உண்டு. அலுவலகம் சிறுசேரி, நாவலூர் பக்கம் என்றால் நகருக்குள் போகாமல் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் திரும்பிவிடலாம்.

சென்னையில் மறுபடி வீடு எடுக்கப் போகிறீர்கள் என்றால் அட்வான்ஸைக் கவனியுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் நீங்களே வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது பொருந்தாது. வீட்டுக்காரர் நீட்டும் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த ஊரில் அதிகம். அதோடு, புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு இல்லை. வாடகை கொடுத்தால் வரி குறையும் என்ற பழைய நினைப்பில் பட்ஜெட் போடாதீர்கள்.

"தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இல்லையா, அங்கிருந்து வேலை நடக்கவில்லையா" என்று கேட்பார்கள். நடக்கிறது. ஆனால் அங்கே இருப்பது அலுவலகம், யாருடைய வீட்டுத் திண்ணையும் அல்ல.

ஆய்வு காட்ட வேண்டும் என்றால் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் செய்தவற்றைக் காட்டலாம், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் காட்டுங்கள். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் நேச்சர் இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலைத் தரமும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. ஆக, இது மூன்று நாள் அலுவலகம் வந்தவர்களைப் பற்றியது. முழுநேரமும் வீடு வேண்டும் என்பவர் இதைக் காட்டினால் என் மேலாளர் சிரிப்பார். அதே நிறுவனத்தின் கால் சென்டரில் நடந்த முந்தைய ஆய்வு, 2015இல் வெளியானது. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் சோதனை முடிந்து நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றதும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை பெரிய காரணம். கூடவே, அவர்கள் செய்த வேலைக்கு ஏற்ற அளவில் பதவி உயர்வும் வரவில்லை. பணி மதிப்பீட்டு (அப்ரைசல்) கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது சீனாவில் மட்டும் நடப்பதல்ல.

இதனால்தான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவர்கள் விலக்குக் கேட்டால் நான் முதலில் அவர்களோடு பேசுகிறேன். பக்கத்தில் இருப்பவர் ஒரு பிழையை எப்படித் தேடுகிறார் என்று எட்டிப் பார்த்துக் கற்பதை எந்த வீடியோ காலும் தராது. தெரியாததைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வீட்டில் இருந்தால் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

பேறுகால விடுப்பிலிருந்து திரும்புகிறவர்கள் தனியாக எழுதுங்கள், பொது விலக்குப் பட்டியலில் சேராதீர்கள். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும், அதைப் போலவே, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்புக்குப் பிறகும் இருதரப்பும் பேசி முடிவுசெய்யும் காலம் வரை வீட்டிலிருந்து வேலை செய்ய வழி வைத்திருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி தர முடியாது என்றால் காப்பகம் எங்கே என்று கேளுங்கள். மரியாதையாக, எழுத்தில்.

வீட்டில் வேலைக்கான ஏற்பாடு இருக்கிறது என்பதைக் காட்டுவதும் கோரிக்கையின் பகுதி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மதியம் தாண்டித்தான் வரும். அந்த அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும், அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் போதாது, தெருமுனையில் இணைய இணைப்பு தரும் கேபிள்காரரின் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். அதனால் வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டா ஒன்று தயாராக இருக்கட்டும். கதவு உள்ள அறையும் தேவை. "வீட்டில்தானே இருக்கிறாய், ரேஷன் கடைக்குப் போய் வா" என்கிற பெரியவர்களை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி கடிதம். ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"வாரத்துக்கு மூன்று, அதாவது மாதத்துக்கு 12 அலுவலக நாள்கள் என்ற கொள்கையை முழுதும் பின்பற்றுகிறேன். அவற்றை ரிலீஸ் வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தையும் ஒட்டித் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். கடந்த இரண்டு வார வேலைப் பதிவை இணைத்துள்ளேன். மூன்று மாதம் முயன்று பார்ப்போம். திறந்திருக்கும் பிழைகளின் எண்ணிக்கை, பதில் சொல்லும் நேரம் இரண்டையும் மாதக் கடைசியில் அனுப்புகிறேன். அவை மோசமானால் வாராந்திர முறைக்கே திரும்புகிறேன். அவசரமென்றால் மறுநாள் காலைக்குள் அலுவலகத்தில் இருப்பேன். அனுமதி கிடைத்தால் வருகைப் பதிவில் ஏற்றும்படி எச்.ஆருக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இவ்வளவுதான். ஓஎம்ஆரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். நானும் அதே பள்ளத்தைச் சுற்றித்தான் வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பாதீர்கள், திங்கள்கிழமை அது அடியில் போயிருக்கும். முதலில் நேரில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு அனுப்பினால் நல்லது.

அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வரும் நாள்களைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். உங்களுக்கு வேண்டியவர் வராத நாளில் வந்து, காலியான தளத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவரோடு டீம்ஸில் பேசுவதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. குழுவுக்குள் ஒரு பொது நாளை நீங்களே முன்மொழியுங்கள். ஸ்வைப் செய்து காபி குடித்துவிட்டுக் கிளம்பும் தந்திரமும் வேண்டாம். உள்ளே இருந்த மணிநேரத்தையும் கணக்கெடுக்கும் இடங்கள் உண்டு. அப்படிப் பிடிபட்டவருக்காக யாரும் பரிந்து பேச மாட்டார்கள்.

மறுத்துவிட்டால், எந்த நிபந்தனை மாறினால் மறுபடி கேட்கலாம் என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். வேறு வேலை தேடுவதென்று முடிவுசெய்தால் கையில் ஆஃபர் இல்லாமல் ராஜினாமா எழுதாதீர்கள். பல சேவை நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள். புதிய ஆஃபர் கடிதத்தில் பணியிடம் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். நேர்காணலில் "முழுக்க ரிமோட்" என்றிருப்பார்கள். கடிதத்திலோ சென்னை என்று எழுதி, நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றப்படலாம் என்று கீழே சேர்த்திருப்பார்கள். ரிமோட் என்ற சொல்லை அந்தப் பத்திக்குள் எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.