சேமிப்புக் கட்டுப்படுத்தி டிரைவர்: மறுதொடக்கத்துக்கு முன் கவனிக்க வேண்டியது

லினக்ஸ் கணினியில் ரெய்டு அட்டை (பல வட்டுகளை ஒன்றாக இயக்குவது) போன்ற சேமிப்புக் கட்டுப்படுத்திக்கான டிரைவர் தொகுப்பை நிறுவும் முன், 'யுநேம் -ஆர்' கட்டளை காட்டும் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) பதிப்புக்கு அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிகேஎம்எஸ் (டிரைவரைக் கெர்னலுக்கேற்பக் கணினியிலேயே கட்டமைக்கும் முறை) வடிவில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. கட்டமைக்கத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகள் இருந்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை அதுவே மீண்டும் கட்டமைத்துக்கொள்ளும்.

நிறுவல் பிழையின்றி முடிந்ததும் மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். இயங்குதளம் உள்ள வட்டே அந்தக் கட்டுப்படுத்தியில் இணைந்திருந்தால், ரூட் கோப்பு முறைமை (இயங்குதளக் கோப்புகள் உள்ள முதன்மைப் பகுதி) ஏறுவதற்கு முன்பே டிரைவர் தேவைப்படும் என்பதால், அது இனிட்ராம்எஃப்எஸ் (கணினி எழும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) படிமத்துக்குள் இருந்தாக வேண்டும். பழைய படிமத்தை நகலெடுத்து வைத்துவிட்டு, அதைப் புதுப்பிக்க ரெட் ஹேட் வகைகளில் 'டிராகட் -எஃப்', டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கட்டளையை இயக்குங்கள். பின்பு முன்னவற்றில் 'எல்எஸ்இனிட்ராடு', பின்னவற்றில் 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' தரும் பட்டியலில் டிரைவர் மாட்யூலின் (கெர்னல் ஏற்றிக்கொள்ளும் டிரைவர் கோப்பு) பெயரைத் தேடுங்கள். ஒரு நிமிட வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டுத்தான் பலரும் ரூட் வட்டு கிடைக்காமல் அவசர ஷெல்லில் (கட்டளைகளை மட்டும் ஏற்கும் திரை) போய் நிற்கிறார்கள்.

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்தால், நம்பகமான கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. கணினி எழுந்தபின், 'எல்எஸ்பிசிஐ -கே' வெளியீட்டில் கட்டுப்படுத்தியின் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்பதையும், 'மாட்இன்ஃபோ' மூலம் அதன் பதிப்பையும் சரிபாருங்கள்.