பழைய காரின் ஃபேன் பெல்ட்டை மாற்றும் முறை

சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் பதிவான, 35 ஆண்டுகளைக் கடந்த காரை ஆண்டுக்கு 45 நாள்களே சாலையில் ஓட்டலாம். மற்ற நாள்களெல்லாம் அது நின்றபடியே இருப்பதால், எஞ்சினின் முன்புறத்தில் ஓடும் ரப்பர் பெல்ட் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரத்தை, சுற்றிக் கிடக்கும் பகுதி அதே வளைவில் இறுகிவிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் ரப்பர் கடினப்பட்டு, அடிப்பக்கத்தில் வெடிப்பு விடுகிறது. ஆகவே, ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு பெல்ட்டின் நிலையைத் தீர்மானிப்பது இங்கே பொருந்தாது. அதன் வயதையும் தோற்றத்தையுமே பார்க்கவேண்டும்.

மோரிஸ் மைனர், மினி போன்ற கார்களில் ஒரே ஒரு வி வடிவப் பெல்ட்தான் டைனமோவையும் (பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி) தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் சேர்த்துச் சுழற்றுகிறது. அது அறுந்தால் மின்னேற்றம் நின்று சிவப்பு விளக்கு எரியும்; அடுத்த சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். பவர் ஸ்டீயரிங்கும் குளிரூட்டியும் உள்ள மெர்சிடிஸ் டபிள்யூ123 போன்ற கார்களில் பெல்ட்டுகள் ஒன்றன் முன் ஒன்றாக அமைந்திருப்பதால், உள்ளே இருப்பதை எடுக்க வெளியே இருப்பவற்றைக் கழற்றியே ஆகவேண்டும். அப்படிக் கழற்றிய பிறகு பழையவற்றையே திரும்ப மாட்டுவது வீண் சிக்கனம். ஒரே புல்லியில் இரண்டு பெல்ட்டுகள் இணையாக ஓடினால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் நீண்டுபோன பழையது சும்மா சுற்ற, புதியது ஒன்றே முழுச் சுமையையும் இழுக்கும். எஞ்சினுக்குள் வால்வுகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் பல் பெல்ட், ஃபியட் 124 ஸ்போர்ட்டில் இருப்பது போன்றது, முற்றிலும் வேறு வேலை. அதற்கு இக்குறிப்பு உதவாது.

எஞ்சின் ஆறியபின், சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெல்ட்டைக் கையால் திருப்பி அதன் அடிப்பக்கத்தையும் பக்கவாட்டுகளையும் பாருங்கள். குறுக்கு வெடிப்பு, பிரிந்து தொங்கும் நூல், கண்ணாடிபோல் பளபளக்கும் பக்கவாட்டு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மாற்றிவிடலாம். எண்ணெயில் ஊறியிருந்தால், முதலில் கசிவை நிறுத்தாமல் புதுப் பெல்ட்டைப் போடுவதில் பயனில்லை. கீச்சிடும் சத்தத்தை அடக்க விற்கப்படும் தெளிப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை நோயை மறைக்கின்றனவே தவிர, குணப்படுத்துவதில்லை.

வாங்கும்போது பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏவிஎக்ஸ்10×875 என்றிருந்தால் 10 மில்லிமீட்டர் வகை அகலம், 875 மில்லிமீட்டர் வெளிச்சுற்று நீளம் என்று பொருள். எண் அழிந்திருந்தால், டைனமோவை அதன் நகர்வெல்லையின் நடுவில் நிறுத்தி, புல்லிகளைச் சுற்றி ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து கொண்டுபோகலாம். ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளில் கிடைக்கும் ‘ஏ’ வகைத் தொழிற்சாலைப் பெல்ட்டுகளில் எண் உள்நீளத்தை அங்குலத்தில் குறிப்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடிப்பக்கத்தில் வெட்டுகள் உள்ள பெல்ட் சிறிய டைனமோ புல்லியில் எளிதாக வளையும், சூடும் குறைவு. பல்லாண்டுகளாக அலமாரியில் கிடந்த ‘அசல்’ பெல்ட்டை, பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்க அனுமதி இல்லை. சொந்த முற்றம் இல்லாதவர்கள் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ தெரிந்த பட்டறை ஒன்றில் இடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் கார்களுக்கு அங்குல ஸ்பேனர் தேவை; அரை அங்குல போல்ட் தலை 12.7 மில்லிமீட்டர்தான் என்பதால், 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவதுபோல் தோன்றினாலும் இறுகிய போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

முதலில் பேட்டரியில் காரின் உடலோடு இணைந்துள்ள கம்பியைக் கழற்றுங்கள். 1960களின் பிற்பகுதிக்கு முந்திய பல பிரிட்டிஷ் கார்களில் அது நேர்முனையாகவே இருக்கும். எதிர்முனை என்று பழக்கத்தில் கை வைக்காமல், கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக் கழற்றவேண்டும். பிறகு டைனமோவின் மேல் போல்ட்டுகள் இரண்டையும், கீழே, பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிகட்டும் பிளவுள்ள பட்டையின் இரு முனைப் போல்ட்டுகளையும் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கமாக முழுவதும் தள்ளுங்கள். பெல்ட் டைனமோ புல்லியிலிருந்து கழன்றதும், விசிறி இதழ்கள் ஒவ்வொன்றின் மேலாகவும் அதை வழுக்கி வெளியே எடுக்கலாம்.

இனிமேல்தான் பொறுமை தேவைப்படுகிறது. பெல்ட் கழன்றிருக்கும் இந்த நேரத்தில்தான் ஒவ்வொரு புல்லியையும் தனித்தனியே கையால் சுழற்றிப் பார்க்க முடியும். பெல்ட் சீக்கிரம் தேய்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். தண்ணீர்ப் பம்பின் விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் குளிர்நீர்க் கறை இருந்தாலோ, பம்பின் ஆயுள் முடிந்துவருகிறது. டைனமோவைச் சுழற்றும்போது கரகரப்பு கேட்டால் பேரிங்கைக் கவனியுங்கள். அதன் பின்முனையில் எண்ணெய்த் துளை இருந்தால் எஞ்சின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வி பெல்ட் பக்கவாட்டுகளால் கவ்வியே இழுக்கிறது. அடி தொட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், அந்தப் புல்லியை மாற்றவேண்டியதுதான். கடைசியாக, நேரான ஓர் இரும்புச் சட்டத்தைப் புல்லிகளின் பள்ளங்களோடு ஒட்டிப் பிடித்து, எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

புதியதை மாட்டும்போது திருப்புளியால் நெம்பி ஏற்றாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்நூல் அறுந்துவிடும். டைனமோ முழுவதும் உள்ளே தள்ளப்பட்டும் பெல்ட் ஏறவில்லை என்றால், அளவே தவறு. ஏறியபின், மரத்துண்டு ஒன்றால் டைனமோவின் புல்லிப் பக்கத்து மூடியை மட்டும் மெதுவாக நெம்பி, முதலில் பட்டையின் போல்ட்டை இறுக்குங்கள். நடு உடலில் நெம்பினால் அது நசுங்கும். இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் மிதமாக அழுத்தினால் 13 மில்லிமீட்டர் அளவு இறங்கவேண்டும் என்பது இவ்வகைப் பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குப் பொதுவான அளவு. மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சற்றுத் தளர்வாக விடுவதே மேல், ஏனென்றால் தளர்வு கீச்சிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதிக இறுக்கமோ சத்தமின்றி பம்பின் பேரிங்கையும் டைனமோவின் பின் புஷ்ஷையும் (தண்டைத் தாங்கும் வளையம்) தின்றுவிடும்.

எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்கி, பேட்டரிக் கம்பியை மாட்டி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். புதுப் பெல்ட் பள்ளத்தில் படிந்து சற்று நீளும் என்பதால் ஆறியபின் மறுபடியும் சரிபார்க்கவேண்டும். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறையும். கழற்றிய பெல்ட் இன்னும் அறுந்துபோகவில்லை என்றால், அதையும் பொருத்தமான ஸ்பேனரையும் ஒரு பையில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விரைவுச்சாலை ஓரத்திலிருந்து பட்டறை வரை போய்ச்சேர அது போதும்.