இலவசச் செயலியா, விலைச் செயலியா? வெளியிடும் முன் போட வேண்டிய கணக்கு

இலங்கையில் ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மா, அன்றன்று நிறுத்த கிலோவை நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார். மாத முடிவில் அதைச் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டால் சில நாட்கள் பொருந்தாமலே இருக்கும். அந்த நாட்காட்டியைக் கைப்பேசிக்குள் கொண்டுவர நான் எழுதிய சிறிய அன்ட்ரொய்ட் செயலியை எடுத்துக்காட்டாக வைத்து, இலவசமாகத் தருவதால் கிடைப்பதையும் விற்பதால் கிடைப்பதையும் முன்கூட்டியே கணக்கிடும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதற்படி: பயன்படுத்துபவரையும் பணம் தருபவரையும் தனித்தனியே எழுதுங்கள்

இவ்விருவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவரின் கைப்பேசியில் ரீலோட் (முன்கூட்டிக் கட்டிய பணம்) இருக்கும். ஆனால் இணையத்தில் பொருள் வாங்கும் வங்கி அட்டை பெரும்பாலும் இராது. அவரிடம் 2 டொலர் கேட்பது, விலை அதிகம் என்பதால் அல்ல, அட்டை இல்லாமல் செலுத்துவது எளிதல்ல என்பதால் பெரும்பாலும் வீணாகும். அதே கிலோக் கணக்கு, சிறுதோட்டங்களில் கொழுந்து வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்புபவருக்கும் வேண்டும். அவரிடம் வங்கிக் கணக்கும் உண்டு, தவறினால் நட்டமும் உண்டு.

இரண்டாம் படி: நுழைவுச் செலவைக் குறியுங்கள்

கூகுள் ப்ளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டொலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டொலர். 2023 நவம்பர் 13க்குப் பின் திறக்கப்பட்ட தனிநபர் கூகுள் கணக்காயின், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய பரிசோதனையில், அதாவது வெளியிடும் முன் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் செயலியைப் பயன்படுத்திப் பார்ப்பதில், இருந்தாக வேண்டும். பணச் செலவைவிட இதுவே எனக்குக் கடினமாக இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் உறவினர்களையும் பாடசாலைத் தோழர்களையும் சேர்த்து, எவரும் இடையில் விலகிவிடாமல் பார்த்துக்கொள்ள நாள்தோறும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் படி: விற்பனைக் கணக்கு

ஆண்டின் முதல் 10 லட்சம் டொலர் வருமானத்துக்குக் கூகுளின் சேவைக் கட்டணம் 15 வீதம் என்று வைத்துக்கொண்டால், 2 டொலர் செயலியில் நமக்கு மிஞ்சுவது 1.70 டொலர், நுழைவுக் கட்டணத்தை மீட்க 15 பிரதிகள் விற்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ப்ளேயில் பணம் ஈட்டும் தனிநபரின் முழு முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி காட்டப்படும். வீட்டு முகவரி வெளியாவதை நீங்கள் விரும்பாவிட்டால், அதையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள்.

நான்காம் படி: விளம்பரக் கணக்கு

ஆயிரம் தடவை காட்டினால் அரை டொலர் கிடைக்கும் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். கூகுளின் விளம்பரச் சேவையான அட்மொப் பணம் அனுப்பும் குறைந்தபட்சத் தொகையான 100 டொலரை எட்ட, இரண்டு லட்சம் தடவை காட்டியாக வேண்டும். 300 பேர் நாளொன்றுக்கு மூன்று விளம்பரங்கள் பார்த்தாலும் ஏழு மாதங்களுக்கு மேல் செல்லும். அதற்கிடையில், வருமானம் 10 டொலரைத் தொட்டதும் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய எண் தபாலில் வரும். லயத்துக் கடிதங்கள் தோட்ட ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்பப்படுவது வழக்கம். எனக்கு வந்த முதல் கடிதம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவதைக் கேட்டு வாங்கி, ஆபீஸில் நானே போய்க் காத்திருந்து பெற்றேன்.

ஐந்தாம் படி: பணமல்லாத வரவு

இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் ஒன்றல்ல. கட்டற்றது என்றால், நாம் எழுதிய மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் விடுவது. அப்படித் திறந்து விட்டால், கட்டற்ற அன்ட்ரொய்ட் செயலிகளுக்கான எஃப்-ட்ரொய்ட் களஞ்சியத்தில் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறர் பிழை திருத்துவார்கள், சிங்களத்தில் மொழிபெயர்ப்பார்கள், வேலைக்கான நேர்முகத்தில் காட்டுவதற்கு உங்கள் நிரலே சான்றாக நிற்கும். சாக்கு நிறைக்காகவும் ஈரத்துக்காகவும் கழிக்கும் கிலோவைத் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்ற யோசனை, என் செயலியைப் பயன்படுத்திய ஒரு அக்காவிடமிருந்துதான் வந்தது. விலை வைத்திருந்தால் அவர் அதை நிறுவியே இருக்கமாட்டார்.

ஆறாம் படி: திரும்ப முடியாத தெரிவை இறுதியில் செய்யுங்கள்

விலைச் செயலியைப் பின்னர் இலவசமாக்கலாம். ஆனால் ப்ளேயில் ஒருமுறை இலவசமாக வெளியிட்டதை விலைச் செயலியாக மாற்ற முடியாது. செயலிக்குள்ளே மேலதிக வசதிகளை விற்பதற்குத் தடையில்லை. இதை அறியாமல், பிறகு விலை வைக்கலாம் என்று எண்ணி நான் எல்லாவற்றையும் ஒரே இலவசச் செயலியாக வெளியிட்டேன். கொழுந்து சேகரிப்பவர்களுக்கான பதிப்பை விற்க முனைந்தபோது, புதிய பொதிப் பெயரில் (ப்ளே ஒரு செயலியை அடையாளம் காணும் பெயர்) வேறொரு செயலியாக, பயனர்களின் ஒரு மதிப்பீடும் இல்லாமல் தொடங்க நேர்ந்தது. பறிப்பவர்களுக்கான செயலி இன்றும் இலவசமாகவே இருக்கிறது. நீங்கள் செயலியை உருவாக்கும் படிவத்தில் இலவசமா, விலையா என்று கேட்கும் தெரிவை வெளியிடும் வரை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே மேலே சொன்ன ஐந்து கணக்குகளையும் அந்தப் பதினான்கு பரிசோதனை நாட்கள் தொடங்கும் முன்பே எழுதி முடித்துவிடுங்கள்.