ஃப்ரீயில் வெடிக்கும் லாபேக் பிழைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி நிரலில், நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் நூலகமான லாபேக்கை அழைக்கிறீர்கள், விடையும் சரியாக வருகிறது. ஆனால் கடைசியில், ஒதுக்கிய நினைவிடத்தை விடுவிக்கும் ஃப்ரீ வரியில் 'இன்வேலிட் நெக்ஸ்ட் சைஸ்' என்று நிரல் செத்து விழுகிறது. ஃப்ரீயை நோண்டிப் பயனில்லை. எல்லை தாண்டி எழுதியது எப்போதோ நடந்துவிட்டது. நினைவிடம் ஒதுக்கும் மேலாக்கின் கணக்கு கெட்டுப்போனது இப்போதுதான் தெரிகிறது. லாபேக்குக்குக் கிடைப்பது ஒரு பாயின்டரும் நீங்கள் சொல்லும் எண்களும்தான். எவ்வளவு இடம் ஒதுக்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது.

அதிகம் பேர் சறுக்குவது எல்டிபி-யில், அதாவது வலப்பக்க அணி நினைவிடத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் எண்ணில். லாபேக்கின் சி இடைமுகமான லாபேக்-இ வழியாக, ரோ மேஜரில் (கிடைவரிசை கிடைவரிசையாக அடுக்கும் முறை), சமன்பாடுகளைத் தீர்க்கும் டிஜிஇஎஸ்வி-யை அழைக்கும்போது, எல்டிபி என்பது வலப்பக்க அணியின் நெடுவரிசை எண்ணிக்கை. ஒரே வெக்டர் என்றால் 1. 1000 சமன்பாடுகள் இருக்கும்போது, ஃபோர்ட்ரான் பழக்கத்தில் அங்கே 1000 என்று போட்டால், கடைசி உறுப்பு 9,99,000-ஆவது இடத்தில் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒதுக்கியதோ வெறும் 1000. எல்டிபி குறைந்தால், திரும்பி வரும் பிழை எண்ணான இன்ஃபோவில் −8 வரும். கூடினால் சத்தமே இராது.

அடுத்தது, சமன்பாடும் மாறியும் சம எண்ணிக்கையில் இல்லாதபோது தீர்வு காணும் டிஜிஇஎல்எஸ். 5 சமன்பாடு, 7 மாறி என்றால் வலப்பக்க வெக்டருக்கு 5 டபுள் போதும் என்று தோன்றும். போதாது. விடையும் அதே இடத்தில்தான் எழுதப்படும், எனவே இரண்டில் பெரியதான 7 வேண்டும்.

மேலாக்குக்குள் இன்ட் வகையில் என் × என் (என் என்பது அணியின் அளவு) என்று முதலில் பெருக்குவதும் ஆபத்து. 46,341-லேயே பெருக்கல் இன்ட்டின் எல்லையைத் தாண்டிவிடும். 50,000-க்குப் பெரும்பாலும் நல் (இடம் கிடைக்கவில்லை என்ற குறி) கிடைக்கும், அது பரவாயில்லை. 70,000-க்கு எண் சுற்றிவந்து நேர்மறையாகிவிடலாம், 39.2 ஜிபி தேவைப்படும் இடத்தில் 4.8 ஜிபி மட்டும் ஒதுக்கப்படும், பிழைச் செய்தியும் வராது. சைஸ்ஆஃப்-ஐ முதலில் எழுதிப் பெருக்குங்கள்.

கிடைவரிசை இடமாற்றங்களைக் குறித்துவைக்கும் ஐபிவ் வரிசையை இன்ட் என்று அறிவித்துவிட்டு 64-பிட் முழு எண் நூலகத்தோடு இணைப்பது இன்னொரு பொறி. 1000 உறுப்புகள் என்றால், 4000 பைட்டில் 8000 பைட் எழுதப்படும். லாபேக்-இ தரும் முழு எண் வகையையே பயன்படுத்துங்கள். ஹெடரும் நூலகமும் ஒரே வகையா என்றும் பாருங்கள்.

பிழையைத் தேடும்போது, நினைவிட அத்துமீறலைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரை மட்டும் நம்பவேண்டாம். அதை இயக்கித் தொகுத்தது உங்கள் நிரலை மட்டும்தான். லாபேக்கைத் தரும், முன்பே தொகுத்து வந்த ஓப்பன்பிளாஸ் நூலகத்துக்குள் நடக்கும் அத்துமீறல் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவி இயந்திரக் குறியீட்டையே பார்ப்பதால் அதையும் பிடிக்கும். ஆனால் மிக மெதுவாக ஓடும், அதனால் சிறிய அணி போதும். சதுர அணி மட்டும் வேண்டாம், அது கிடைவரிசை-நெடுவரிசைக் குழப்பத்தை மறைத்துவிடும். 5, 7, 3 என்று எல்லா அளவும் வேறாக இருக்கட்டும்.

மேலே சொன்ன டிஜிஇஎல்எஸ் தவறை வால்கிரிண்டில் ஓட்டினால், 'இன்வேலிட் ரீட்' என்பதன் கீழே '40 பைட் தொகுதிக்கு 0 பைட் அப்பால்' என்ற பொருளில் ஒரு வரி வரும். 40 என்றால் 5 டபுள். எந்த மேலாக் என்று அதற்கடுத்த வரிகளே காட்டும்.

வால்கிரிண்டில் ஓப்பன்பிளாஸ் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நின்றால், காரணம் பெரும்பாலும் வால்கிரிண்டுக்குத் தெரியாத ஏவிஎக்ஸ்-512 செயலிக் கட்டளைகள். ஓப்பன்பிளாஸ்_கோர்டைப் சூழல் மாறியை ஹாஸ்வெல் (ஏவிஎக்ஸ்-512 இல்லாத செயலி வகை) என்று வைத்து, த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள்.